போகாத கணவாய்

மலைக்குப் போகிறவர்களில் பல வகை உண்டு. முறுக்குப் பொட்டலத்தோடு ஏறுகிறவர், மூச்சு வாங்குவதை மறைக்க நின்று காட்சி பார்க்கிறவர், உச்சிக்குப் போனதும் கீழே தன் ஊர் தெரிகிறதா என்று தேடுகிறவர். இவர்களால் யாருக்கும் தீங்கில்லை. இங்கே சொல்லப்போவது வேறொரு இனத்தைப் பற்றி. அதற்கு வழிதெரிந்தவர் என்று பெயர். நீங்கள் அவரைச் சந்தித்திருக்கிறீர்கள். 'ஞாயித்துக்கிழமை மூணாறு போகலாம்னு...' என்று நீங்கள் வாயைத் திறந்ததும், போவது கல்யாணத்துக்கா சாவுக்கா என்றுகூடக் கேட்காமல், 'அந்த வழியா மட்டும் போயிறாதீங்க' என்று தொடங்கி, உங்கள் டீ ஆறும்வரை ஒரு மலையை ஏற்றி இறக்கி, நீங்கள் கேட்காத இன்னொரு மலைக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறாரே, அவர்தான்.

கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் பூபதிராஜா இந்த இனத்தின் உயர்ரக மாதிரி. சாதாரண வழிதெரிந்தவர் ரோட்டைச் சொல்வார்; பூபதிராஜா கணவாயைச் சொல்வார். இரண்டு மலைக்கு நடுவே லேசாக ஒரு மடிப்பு தெரிந்தால் போதும், சைக்கிளை நிறுத்தி, கூலிங் கிளாஸைக் கழற்றி, "அந்த இடுக்குல ஒரு கணவாய் இருக்குதுங்க. அந்தக் காலத்துல பொதிமாடு போன தடம். மேப்புல எல்லாம் இருக்காது" என்பார். மேப்பில் இருந்துவிட்டால் அவருக்கு அந்தக் கணவாய்மீது மரியாதை போய்விடும்.

இதில் ஒரு வேடிக்கை. அவர் பிறந்ததும் வளர்ந்ததும் தேங்காய் போடுவதும் பாலக்காட்டுக் கணவாய்க்குள்ளேதான். மேற்குத் தொடர்ச்சி மலை முழுக்கத் தேடினாலும் அதைவிடப் பெரிய இடைவெளி கிடைக்காது. ஆடியில் அதன் வழியே வரும் காற்று கொடியில் காயும் அவர் வேட்டியைப் பக்கத்துத் தோப்பில் கொண்டுபோய்ப் போடும். ஆனாலும் அதை அவர் கணவாயாக ஒப்புக்கொண்டதில்லை. ரயில் போகிறது, லாரி போகிறது, ஊருக்கே தெரிந்திருக்கிறது. ஊருக்கே தெரிந்த வழியில் போவதற்கு ஒரு ஆள் எதற்கு?

சரி, அவர் சொல்லும் கணவாய்களில் எத்தனையில் நடந்திருக்கிறார்? அதை யாரும் கேட்டதில்லை. கேட்காததை அவரும் சொன்னதில்லை. இரவு சாப்பாடு முடிந்து, கட்டிலில் சாய்ந்து, போனில் மலைப்படத்தைப் பெரிதாக்கி, சுட்டுவிரலால் ஏறி மறுபக்கம் இறங்குவார். அருகில் படுத்திருக்கும் மனைவி யோகப்பிரியாவுக்கு இது தெரியும். தெரிந்தும் சொல்லாமல் இருப்பதுதானே இல்லறம்.

அவருடைய சைக்கிள் ஒரு கையால் தூக்கக்கூடிய எடை. அதை வேறு எந்தக் கையும் தூக்கக் கூடாது. மச்சான் ஒருமுறை மணி அடித்துப் பார்க்க ஆசைப்பட்டு, அதில் மணியே இல்லை என்று தெரிந்துகொள்வதற்குள் விரட்டப்பட்டார். யோகப்பிரியாவுக்கும் கியர் வைத்த ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தார். மனைவி அதில் தினமும் பால் சொசைட்டிக்குப் போய்வந்தார். கால் நன்றாகப் பழகியிருந்தது. 'நானும் ஒருக்கா மலைக்கு வாரனுங்க' என்று அவர் கேட்டு, ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவானது. முதல்நாளே சைக்கிள்களைக் காரில் கட்டி, உடுமலை, சின்னார் வழியாக மறையூர் போய்த் தங்கி, விடிந்ததும் மூணாறு ரோட்டில் மிதிக்கத் தொடங்கினார்கள்.

மறையூரில் வானம் வெளுத்திருந்தது. கரும்புக்காட்டைத் தாண்டித் தேயிலை தொடங்கியதும் மேலே கறுத்திருந்தது. இரவு முழுக்க அங்கே மழை. பூபதிராஜா வழிநெடுக இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று கணவாய்களைக் காட்டிக்கொண்டே வந்தார். யோகப்பிரியா 'ம்' போட்டுக்கொண்டே, ஏற்றத்தில் அவரைவிடக் கொஞ்சம் முன்னால் போய்க்கொண்டிருந்தார். அதைப் பூபதிராஜா கவனிக்காததுபோல் இருந்தார்.

ஒரு வளைவில் ஒரு ஜீப்பும் ஒரு வேனும் நின்றிருந்தன. அவற்றுக்கு முன்னால் ரோடு இல்லை. தேயிலைச் செடிகளோடு சேர்ந்து இறங்கிய மண் இருந்தது. வேன் கண்ணாடியில் 'ஈஸ்வரன் - செல்வலட்சுமி' என்று ஒட்டியிருந்தது. ஈஸ்வரன் பட்டுவேட்டியும் மாலையுமாக ரோட்டோரம் நின்று, போனை வானத்தைப் பார்த்துப் பிடித்துக்கொண்டிருந்தான். மறையூரில் வெல்லம் காய்ச்சும் குடும்பம். பெண் மேலே எஸ்டேட்டில். எஸ்டேட் கோயிலில் கல்யாணம். முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"மேல ஒரு மரம் வேற சாஞ்சு கிடக்குதாம்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா சாந்தம்மாள். மடியில் இறுக்கிய மஞ்சள் பையை ஒரு கை விடாமல் பிடித்திருந்தது. "பொண்ணு வீட்டு ஜீப்பு அங்கிட்டுத் தாண்டி வர முடியல. நம்ம வண்டி இங்கிட்டுப் போக முடியல. நடந்தா நேரம் போயிரும். மண்ணு அள்ளுற வண்டி எப்ப வருமோ."

இப்படியொரு சூழ்நிலையில் வழிதெரிந்தவரால் சும்மா இருக்க முடியுமா? பசித்தவன் முன்னால் இலை போட்டதுபோலத்தான்.

"ஏனுங்கம்மா கவலைப்படறீங்க?" என்றார் பூபதிராஜா. "இந்த மலைக்குப் பின்னால ஒரு கணவாய் இருக்குதுங்க. பொதிமாட்டுத் தடம். தேயிலைக்குள்ள ஏறி, சோலையத் தாண்டி, அந்த மடிப்புல பூந்து எறங்குனா நேரா எஸ்டேட்டுக்குப் பின்புறம். கொஞ்சம் ஏத்தந்தான், அப்புறம் எறக்கமே."

எல்லோரும் அவரைச் சுற்றிக் கூடினார்கள். கஷ்டத்தில் இருப்பவன் கேள்வி கேட்பதில்லை. ஜீப் ஓட்டிவந்த ரிஜின் அடிமாலிப் பக்கத்துக்காரன். "எனிக்கு இந்த மலை பரிச்சயம் இல்ல சேட்டா, நிங்கள் சொன்னா சரி" என்றான். ஈஸ்வரன் அதற்குள் மாலையைக் கழற்றித் தங்கையிடம் கொடுத்து, வேட்டியை மடித்துக் கட்டிவிட்டான். பூபதிராஜாவுக்கு உடம்பெல்லாம் பூரித்தது. இத்தனை வருஷம் டீக்கடையில் சொன்னபோது தலையாட்டியவர்கள்தான் உண்டு. எழுந்து கிளம்பியவர் ஒருவரும் இல்லை.

சாந்தம்மாள் பையிலிருந்து ஒரு சின்னச் சம்புடத்தை எடுத்தார். தாலி. அதை மகன் கையில் கொடுக்கப் போனவர், நிறுத்தி, பூபதிராஜாவைப் பார்த்தார்.

"தம்பி, நீங்க அந்த வழியில நடந்திருக்கீகல்ல?"

சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. ஆமாம் என்ற ஒரு வார்த்தையைக் காதில் வாங்கிக்கொண்டு அனுப்பத்தான் கேட்டார்.

பூபதிராஜா மலையைப் பார்த்தார். போனில் அது பச்சையாக, தட்டையாக, விரலுக்கு வழுவழுப்பாக இருந்தது. இங்கே அது ஈரத்தில் நின்றுகொண்டிருந்தது. மடிப்பு இருந்த இடத்தில் மேகம் உட்கார்ந்திருந்தது. சோலைக்குள் அட்டை இருக்கும், யானையும் இருக்கலாம். மாப்பிள்ளையின் புது வேட்டியில் வைத்த மஞ்சள்கூட இன்னும் வெளுக்கவில்லை. அவர் யோகப்பிரியாவைத் திரும்பிப் பார்த்தார். யோகப்பிரியா அவரைப் பார்க்காமல் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே கட்டியிருந்த கயிறு.

'போயிருக்கேன்' என்ற சொல் அவர் நாக்கின் நுனிவரை வந்தது. வழக்கமாக அங்கே நிற்காது.

"இல்லீங்கம்மா" என்றார். "போனதில்லீங்க. படத்துல பாத்ததுதான். வழி இருக்குதா இல்லையான்னே எனக்குத் தெரியாதுங்க."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. ஈஸ்வரன் மடித்துக் கட்டிய வேட்டியை மெல்ல இறக்கிவிட்டான்.

"ஏனுங்க, சைக்கிள் ரெண்டு இருக்குதுங்கள்ல?" என்றார் யோகப்பிரியா.

அது பூபதிராஜாவுக்குத் தோன்றவே இல்லை. சைக்கிள் என்பது கணவாய் தேடுவதற்கு. ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்கும் அது உதவும் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை. "மண்ணுக்கு அக்கட்ட தூக்கி வச்சிட்டா மிதிச்சுப் போயிறலாம். மரத்துகிட்டயும் தூக்கித் தாண்டிக்கலாம். அதுக்கப்புறம் அவங்க ஜீப் நிக்குதுல்லங்க" என்று தொடர்ந்தார் யோகப்பிரியா.

"நான் முன்னால போறேன். மாப்பிள்ளை எம்பின்னாடி..." என்று பூபதிராஜா தொடங்கினார்.

"தாலிய ஒரு சுமங்கலி கையிலதான் குடுப்பேன்" என்றார் சாந்தம்மாள், சம்புடத்தை யோகப்பிரியாவிடம் நீட்டி.

ஆக, ஒரு சைக்கிள் யோகப்பிரியாவுக்கு. மற்றொன்று மாப்பிள்ளைக்கு. மச்சான் தொட முடியாத சைக்கிளை ரிஜினும் வேன்காரரும் தலைக்குமேல் தூக்கிச் சேற்றில் முழங்கால் புதையக் கொண்டுபோனதை, பூபதிராஜா தன் குழந்தையை ஊசி போடக் கொண்டுபோவதைப் பார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈஸ்வரன் பட்டுவேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஏறினான்.

"தம்பி, ஏத்தத்துல சின்னக் கியருக்கு மாத்தோணும். வலது கைல ரெண்டு பித்தான் இருக்கும், உள்ளாற இருக்கறத..."

ஈஸ்வரன் வளைவைத் தாண்டிவிட்டான். யோகப்பிரியா அவனுக்கு முன்னாலேயே தாண்டியிருந்தார்.

மற்றவர்கள் மண்ணைத் தாண்டி நடந்தார்கள். இளையவர்கள் வேகமாகப் போய்விட, முழங்கால் வலியோடு நடந்த சாந்தம்மாளுக்குத் துணையாகப் பூபதிராஜா நின்றுவிட்டார். மழை விட்டிருந்தது. அந்த அம்மா அவரிடம் கணவாயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தோப்பைப் பற்றிக் கேட்டார், ஊர்க் காற்றைப் பற்றிக் கேட்டார். வேட்டி பறந்த கதைக்கு நின்று சிரித்தார்.

"இன்னும் எம்புட்டுத் தூரம் தம்பி?"

'இதோ வந்துருச்சுங்க' என்று சொல்ல வாய் திறந்தது. மூடிக்கொண்டார். "இருங்கம்மா, பாத்துட்டு வாரன்" என்று முன்னால் வளைவுவரை ஓடிப்போய், எட்டிப் பார்த்து, திரும்பி வந்தார். "இதுக்கு அக்கட்ட இன்னொரு வளைவு இருக்குதுங்கம்மா."

அடுத்த வளைவிலும் ஓடினார். அடுத்ததிலும். வழிதெரிந்தவராக இருந்த இத்தனை வருஷத்தில் அவர் இவ்வளவு தூரம் வழி பார்த்ததில்லை.

சாய்ந்த மரத்தின் கிளைகளுக்குள் குனிந்து வெளியே வந்தபோது, மேலே எங்கோ கெட்டிமேளம் முழங்கியது. மலைகள் அதை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி அனுப்பின. சாந்தம்மாள் ரோட்டு நடுவில் நின்றார். மஞ்சள் பைக்குள் கையை விட்டு அட்சதையை அள்ளி, சத்தம் வந்த பக்கமாக வீசினார். பாதி தேயிலையில் விழுந்தது, பாதி பூபதிராஜாவின் ஹெல்மெட்டில்.

"அம்மா, நீங்க பாக்க முடியாமப் போச்சுதுங்களே."

"காதுல விழுந்துருச்சில்ல. கட்டிட்டான் எம்புள்ள" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நடங்க தம்பி. பந்திக்காச்சும் போயிருவோம்."

பந்திக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கோயில் சுவரில் சாய்த்திருந்த அவர் சைக்கிளின் கைப்பிடியில் யாரோ மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார்கள். எஸ்டேட்டுப் பிள்ளைகள் வரிசையாக அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூபதிராஜா பார்த்தார். விரட்டவில்லை. யோகப்பிரியாவின் இலைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "கியர் சரியா மாத்துனானா?" என்று மட்டும் கேட்டார்.

"அவரு கியரே மாத்தலீங்க. மிதிச்சாரு."

ஆள் திருந்திவிட்டார் என்று நினைப்பீர்கள். இந்த இனத்துக்குத் திருந்துதல் ஆகாது. சற்றுக் குறையும், அவ்வளவுதான். அடுத்த வாரம் கொழிஞ்சாம்பாறை டீக்கடையில் ஒருவர் வாகமண் போகப் போவதாகச் சொன்னார். "ஏலப்பாறை வழியா மட்டும் போயிறாதீங்க" என்று பூபதிராஜா தொடங்கினார். பிறகு அவராகவே, "நான் போனதில்லீங்க" என்றார். கடையே திரும்பிப் பார்த்தது. "ஆனாலும் பாருங்க..." என்றார். அந்த 'ஆனாலும்' இரண்டாவது டீ முடிந்தும் முடியவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன மாதம் பேருந்து நிலையத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் உங்களிடம் ஏதோ ஒரு தெருவின் பெயரைச் சொல்லிக் கேட்டாரே, நினைவிருக்கிறதா? அந்தத் தெரு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் உங்கள் கை நீண்டது. நேராகப் போய் இடது பக்கம் திரும்பச் சொன்னது. அவரும் நன்றி சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, நம்பிக்கையோடு நடந்துபோனார்.

இன்னும் நடந்துகொண்டிருக்கிறாரோ என்னவோ.