எந்த வரியில் அழுதீர்கள்?

"...ஒரு மண்டலம் காய்ச்சிய பாலில் கலந்து உண்டால், அறுபது வயதுக் கணவரும் இருபது வயதுக்..." என்று கணீர்க் குரலில் வாசித்துக்கொண்டு போன ஞானமுத்து வாத்தியார் சட்டென்று நிறுத்தினார்.

ஞாயிறு மாலை ஆராதனை முடிந்து, எங்கள் வேதக்கோயிலில் பரிசளிப்பு நடந்துகொண்டிருந்தது. வாத்தியார் வாசித்தது 'பொறுமை' என்று நான் எழுதிய கட்டுரை. (அப்படித்தான் அவரும் நானும் நம்பியிருந்தோம்.)

நான் செய்த முட்டாள்தனங்களில் பெரியவை எல்லாமே நல்ல பேர் வாங்கக் கிளம்பியபோது செய்தவைதான்.

யுத்தத்துக்கு முந்திய காலம். மதுரையில் ஒரு வாரப் பத்திரிகையில் உதவியாசிரியராக இருந்தேன். வாத்தியார் ஒத்தக்கடைப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அறுபதுக்கு இரண்டு குறைவு. அவர் மகள் ரோஸ்லினை எனக்குப் பேசினார்கள். மனுஷர் பிடிகொடுக்கவில்லை.

"லேகிய விளம்பரமும் கோழிச்சண்டையும் போடுற பேப்பர்ல இருக்கான். வாயத் தொறந்தா பொய்யாத்தான வரும்?" என்று தரகரிடம் சொல்லியனுப்பினார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கிறிஸ்தவ சங்கம் போட்டி அறிவித்தது. பொதுப் பத்திரிகைகளில் வேலை பார்க்கும் கிறிஸ்தவர்கள், தங்கள் பத்திரிகையில் வெளியான நற்போதனைக் கட்டுரையை வெட்டி, அட்டையில் ஒட்டி அனுப்ப வேண்டும். எங்கள் ஜில்லாவில் அந்த இனத்து ஜந்து நான் ஒருவன்தான். பரிசு வாங்கிவிட்டால் வாத்தியார் வாயை அடைத்துவிடலாம்.

எங்கள் ஆசிரியர் நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர், தங்கமான மனிதர். சாமி பெயர் மட்டும் வேண்டாம், சந்தாதாரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று சொல்லி, நாலாம் பக்கத்தில் இடம் கொடுத்தார்.

கடைசி நாள். கட்டுரையை வெட்டி மேஜைமேல் வைத்தேன். அச்சில் என் பெயர். அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. பார்த்துக்கொண்டே பசையையும் அதன் மேலேயே தடவினேன். பிறகு பக்தி மேலிட்டு, கண்ணை மூடி ஜெபித்தபடியே அட்டையில் ஒட்டி, மேலே மை ஒற்றும் தாளை வைத்து அழுத்தி, உறைக்குள் தள்ளிவிட்டேன். கட்டுரை அட்டையோடு ஒட்டிக்கொண்டது. அதன் முதுகிலிருந்த லேகிய விளம்பரம் உலகத்தைப் பார்த்தது.

முதல் பரிசு எனக்கே. சபையில் வேதம் வாசிப்பதில் வாத்தியாரை மிஞ்ச ஆளில்லாததால், கட்டுரையை அவரே வாசிக்க ஏற்பாடு. சங்கத் தலைவர் எழுந்து, "நடுவர்கள் மூவரும் இரண்டு முறை படித்தோம், இரண்டு முறையும் அழுதோம்" என்று உருகி, அட்டையை அவர் கையில் கொடுத்தார்.

"சோர்ந்துபோனவர்களே, எங்களிடம் வாருங்கள்" என்று ஆரம்பம். சபையார் தலையாட்டினார்கள். நான்கூட, இவ்வளவு நன்றாகவா எழுதியிருக்கிறோம் என்று ஒரு கணம் பூரித்தேன். அதன்பிறகுதான் பால் வந்தது, மண்டலம் வந்தது, கணவர் வந்தார்.

ரோஸ்லின் முந்தானையால் வாயைப் பொத்திக் குலுங்கினாள். (அழுகிறாள் என்று நினைத்தேன். இன்றைக்கும் அதைச் சொல்லித்தான் சிரிக்கிறாள்.) ஜன்னல் கம்பிக்குள் உடம்பு நுழையுமா என்று நான் அளந்துகொண்டிருந்தேன்.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு தலைவர் பக்கம் திரும்பினார்.

"ஐயா, இதுல எந்த வரியில அழுதீங்க?"

தலைவர் கூரையைப் பார்த்தார். மற்ற இரு நடுவர்களும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்கள்.

வாத்தியார் என்னைப் பார்த்தார். "பேப்பர்க்காரன் பொய் சொல்லுவான்னு பயந்துக்கிட்டு இருந்தேன். இங்க பொய் சொல்லாதவன் இவன் ஒருத்தன்தான். ஒட்டத் தெரியல, அம்புட்டுதான்."

அடுத்த மாதமே கல்யாணம். இன்றும் எங்கள் வீட்டில் குழம்பை வாயில் வைக்காமலே யாராவது ஆகா என்றால், பேரப்பிள்ளைகள் கேட்பது, "எந்த வரியில அழுதீங்க?"

ஆனால் அன்று அதன்பிறகு நடந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன். மேடையை விட்டு இறங்கிய மாமா, அட்டையைத் தலைவரிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. கடைசி வரியில் இருந்த லேகியக் கடை விலாசத்தை இன்னொரு தடவை நிதானமாகப் படித்தார். பிறகு பதனமாக மடித்து, கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டார்.