அட்டைக்குழாயும் என் கல்யாணமும்

பனியன் தொழிலில் பிறந்து வளர்ந்தவனுக்கு உலகத்தில் எல்லாத் தொழிலும் தெரியும் என்ற திமிர் தானாக வந்துவிடும். எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வந்திருந்தது. அப்பாவின் பனியன் கம்பெனியை அண்ணனிடம் விட்டுவிட்டு, ஊருக்குப் பக்கத்தில் மண்ணரையில் ஒரு ஷெட் பிடித்து, டிஷ்யூ ரோல் போட ஆரம்பித்தேன். அதுவும் நடுவில் அட்டைக்குழாயே இல்லாத ரோல். இரும்புத் தண்டில் காகிதத்தைச் சுற்றி, தண்டை உருவிவிட்டால் ஓட்டை மட்டும் நிற்கும். அட்டைச் செலவு மிச்சம். (ஊரில் ஒருத்தருக்கும் தோன்றாதது எனக்குத் தோன்றிவிட்டதாம்!)

மெஷின் வந்த வாரமே பெண் வீட்டார் என் தொழிலைப் பார்க்க வந்தார்கள். பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிருந்தது. வெள்ளகோவிலில் கல்யாண மண்டபம் வைத்திருந்த அவளுடைய அப்பாவோ, ஷெட்டைப் பார்த்த பிறகுதான் முடிவு சொல்வேன் என்றிருந்தார்.

பனியன் தைக்கிற பின்னல் துணியை இழுத்துச் சுற்றினால் நீண்டுவிடும். தளர்வாகத்தான் சுற்ற வேண்டும். காகிதத்தையும் அதே பாசத்தோடு தளரத் தளரச் சுற்றினேன். "பாருங்க மாமா" என்று தண்டை உருவினேன். தண்டோடு ரோலின் குடலும் சேர்ந்து வந்து, கூம்பு மாதிரி அவர் வேட்டியை நோக்கி நீண்டது. (ஐயோ, இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.) மிச்சமிருந்த ரோல் மெதுவாகச் சரிந்து, ஓட்டை மூடி, தோசையாகப் படுத்துக்கொண்டது.

"ஓட்டை எங்கீங்க மாப்ளே?"

"இது... ஓட்டை இல்லாத புது மாடலுங்க மாமா."

"அப்புறம் எதுலீங்க மாட்டறது?"

"மாட்ட வேண்டீதில்லீங்க. சும்மா... பக்கத்துல வெச்சுக்கலாமுங்க."

கூட நின்ற என் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். பெண் கைநழுவிப் போகிறாள் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. "துணியாட்ட லூசாச் சுத்திப்போட்டனுங்க மாமா, எனக்கு ஒண்ணும் தெரியலீங்க" என்று போட்டு உடைத்தேன்.

அவர் சிரித்த சிரிப்பில் மேல்துண்டு கீழே விழுந்தது. "தொழிலு கத்துக்கலாமுங்க. பொய்தான் உங்களுக்குச் சுத்தமா வராதுங்க. அது போதும், எம்புள்ளையத் தர்றனுங்க" என்றார்.

இப்போது இறுக்கிச் சுற்றிய என் ரோல்கள் குழாயே இல்லாமல் கிண்ணென்று நிற்கின்றன. ஆனால் யாருக்கு அது தெரிகிறது? கல்யாணத்தன்று தேங்காய், பழம், பட்டு என்று வரிசையாக வந்த சீர்த் தட்டுகளில், கடைசித் தட்டில் மஞ்சள் பூசி, பூச்சுற்றி ஒரு கட்டு அட்டைக்குழாய் வைத்திருந்தார் மாமனார். "எதுக்கும் இருக்கட்டுங்க மாப்ளே!" விருந்தாளி யார் வந்தாலும், கல்யாண ஆல்பத்தில் என் மனைவி முதலில் திறந்து காட்டுவது அந்தத் தட்டு இருக்கும் பக்கத்தைத்தான்.