இரண்டு ஸ்பூன் கேரியர் ஆயில்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே நான் நலம், உன் அக்காவும் நலம். இரண்டு பேரும் சேர்ந்துதான் நலமில்லை. அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் வீட்டில் இருக்கும் ஒரே போன் உன் அக்காவின் தையல் மெஷின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நான் உன்னிடம் அழுது புலம்புவது அவள் காதில் விழ வேண்டாம் என்றுதான் என் சைக்கிள் கடையில், டியூப் பெட்டி மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பெட்டியைத் திட்டு.

நீ வேலை பார்க்கிற வாசனைத் தைலக் கடையிலிருந்து அக்காவின் கழுத்து வலிக்கென்று அனுப்பிய லாவெண்டர் தைலப் பார்சல் பத்திரமாக வந்து சேர்ந்தது. வராமலே இருந்திருக்கலாம். உன் துண்டுச் சீட்டை நான் நாலு தடவை படித்தேன். 'லாவெண்டர் ஐந்து சொட்டு. இரண்டு ஸ்பூன் கேரியர் ஆயிலில் கலந்து தேய்க்கவும். வெறுமனே தேய்க்கக் கூடாது. வெளிச்சத்தைக் குறைத்து, மெல்லிய இசை வைக்கவும்.' இதைப் படித்ததும் எனக்கு உன் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. அத்தானின் தொழில் தெரிந்து எழுதியிருக்கிறானே பையன்! முப்பத்தாறு வருஷமாகச் சைக்கிள் கடை வைத்திருப்பவனுக்குக் கேரியர் ஆயில் எது என்று யாராவது சொல்லித்தர வேண்டுமா? பின்னால் கேரியரில் ஸ்பிரிங் கிறீச்சிட்டால் விடுவோமே, அந்த எண்ணெய். அதுவும் உன் அக்காவுக்கு என்பதால் திறந்த டப்பாவைத் தொடவில்லை. சீல் உடைக்காத புது டப்பா.

போன திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. மதியம் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, துண்டை விரித்து, சீட்டில் சொன்னபடி இரண்டையும் கலந்துகொண்டு, உன் அக்காவை உட்காரவைத்தேன். இசைக்கு ரேடியோவைத் திருப்பினால் வானிலை அறிக்கைதான் வந்தது. அதையே மெல்லிசாக வைத்தேன். "என்னங்க இது, பூந்தோட்டத்துல பைக் ரிப்பேர் ஆன மாதிரி வாசனை?" என்றாள். "அசல் சரக்குன்னா அப்படித்தான் இருக்கும், பேசாம இரு" என்றேன். அப்புறம் கை வைத்தேன். அப்பா, அது தோளா, கல்லா! கோணிப்போன சக்கரத்தை நேராக்கும்போது நாங்கள் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்ப்போம், இறுகிக் கிடப்பதை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவோம். அதே மாதிரி தொட்டுத் தொட்டுப் பார்த்து நீவிவிட்டேன். ஒவ்வொரு முடிச்சாக இளகியது. முப்பத்திரண்டு வருஷமாகக் கூடவே இருக்கிறேன், இந்தத் தோளில் இவ்வளவு கிடக்கிறது என்று ஒரு நாள் கூடக் கை வைத்துப் பார்த்ததில்லையே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. உன் அக்கா உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள்.

எழுந்து கழுத்தை இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். "ஏங்க, திரும்புதுங்க!" என்று சின்னப் பெண் மாதிரி கத்தினாள். அந்தச் சந்தோஷத்தில் தைத்து முடித்து வைத்திருந்த ஆறு வெள்ளைக் கோட்டையும் ஒவ்வொன்றாகப் போட்டு, கையைத் தூக்கித் தூக்கித் தோள் அளவு பார்த்தாள். எதிர்த்தெரு டாக்டரம்மாவின் கோட்டு. அந்த அம்மாவும் இவளும் ஒரே அளவு. எல்லாம் முடிந்த பிறகுதான் நான் திரையைத் திறந்தேன். விஷயம் என்னவென்றால், சோப்பு, மண்ணெண்ணெய், மணல் எதற்கும் அசையாமல் என் நக இடுக்கில் முப்பத்தாறு வருஷமாகக் குடியிருந்த கிரீஸ் மொத்தமும் உன் லாவெண்டருக்கு மயங்கி வெளியே வந்திருக்கிறது. உன் அக்காவின் தோளில் பத்து விரலும் கறுப்பாக. கோட்டிலும் பத்து விரல். ஆறு கோட்டிலும் பத்துப் பத்து விரல்.

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மாவே வந்து நின்றார். கோட்டைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். "போலீஸ்ல கூட இவ்வளவு தெளிவா ரேகை எடுக்க மாட்டாங்க" என்றார். நான் உன் சீட்டைக் காட்டினேன். படித்துவிட்டு அந்த அம்மா சிரித்த சிரிப்பில் சுவரில் சாய வேண்டியதாகிவிட்டது. "ஐயா, கேரியர் ஆயில்னா வாசனைத் தைலத்தைக் கலந்துக்கிற சாதாரண எண்ணெய். உங்க சமையலறையில இருக்கிற நல்லெண்ணெய் கூடக் கேரியர் ஆயில்தான். சைக்கிள் கேரியர் இல்ல!" சிரித்து முடித்து, சனிக்கிழமைக்குள் ஆறு கோட்டும் புதிதாக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து உன் அக்கா என்னிடம் வாயே திறக்கவில்லை. புதுத் துணி வாங்கி வெட்டித் தைத்துக்கொண்டே இருக்கிறாள். "காபி போடட்டுமா?" என்றால் தலையாட்டல். "கோபமா?" என்றால் அதுவும் இல்லை. நேற்று உன் மனைவியோடு போனில் பேசினாள். "ஞாயித்துக்கிழமை கிளம்பி வர்றேன்" என்று என் இரண்டு காதாலும் கேட்டேன். கட்டிலடியில் பெரிய பையைப் பார்த்தேன். பொய் சொல்வானேன், எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த மெஷின் சத்தம் இல்லாத வீட்டில் எனக்கு இருக்கத் தெரியாது. ஆகவே நீ இரண்டு காரியம் செய். கேரியர் என்று மொட்டையாக எழுதியது உன் தப்பு என்று அவளிடம் ஒத்துக்கொள். வந்து இறங்கியதும் நல்லபடியாகச் சாப்பாடு போட்டு, அடுத்த பஸ்ஸிலேயே திருப்பி ஏற்றிவிடு.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் இருவரும் நல்ல படிப்பும் பஞ்சர் ஆகாத டயரும் பெற்று நெடுங்காலம் வாழ ஆசீர்வதிக்கும்,

உன் அத்தான்.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை ஒட்டப் போகும்போது உன் அக்கா கடைக்கே வந்து, வாங்கிப் படித்துவிட்டாள். "கோவமெல்லாம் திங்கக்கிழமையோட சரி. வாயில நாலு குண்டூசியை வச்சிக்கிட்டு உங்களோட எப்படிங்க பேசறது? போன்லயும் நான் 'வர்றோம்'னுதான் சொன்னேன். உதட்டுல ஊசி இருந்தா 'வர்றேன்'னுதான் கேக்கும்!" என்றாள். உன் மனைவிக்கும் தோள் வலியாம், என் கை வேண்டுமாம். அதனால் மேலே எழுதிய எதையும் நீ செய்ய வேண்டாம். டிக்கெட்டைக் கண்ணால் பார்த்துவிட்டேன், இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. வருகிறோம். கடைசி எழுத்தை நன்றாகப் பார்த்துக்கொள்.