என் கையைவிட்டுப் போன நான்காம் மாடிக்காரர்

மதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு வீட்டில் எல்லோரும் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், அக்கா உங்களை மாடிப்படி ஏற விடுவதில்லை என்றும் நம்புகிறேன். நான் சௌக்கியமா என்று மட்டும் கேட்காதீர்கள். வயிறு எரிகிறது. டாக்டரிடம் காட்டினேன், வயிற்றில் ஒன்றுமே இல்லை என்கிறார். எனக்குத் தெரியும் அத்தான், அது வயிற்றில் இல்லை, என் எதிர்மேஜையில் உட்கார்ந்திருக்கிறது.

நீங்கள் தலைமை அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அரசுக் குடியிருப்பில் வாடகைக்கு இருப்பவர்களைக் கட்டி மேய்ப்பது என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியாததில்லை. என் பொறுப்பில் ஆறு பிளாக், முந்நூற்றுச் சொச்சம் வீடுகள். அதில் முக்கால்வாசிப் பேரின் முகம்கூட எனக்கு நினைவில்லை. ஒருவர் மட்டும் மனப்பாடம். மூன்றாவது பிளாக் நான்காம் மாடியில் இருக்கும் தச்சர், வேலையிலிருந்து நின்றுவிட்டவர். நான் அவருக்கு வைத்த பெயர் ரம்பம். பதினொரு வருஷமாகக் காலை ஐந்து மணிக்கு வீட்டுக்குள்ளேயே மரம் அறுப்பார், ஆணி அடிப்பார், மரத்தூளைப் பால்கனியிலிருந்து தட்டுவார், அது கீழ்வீட்டுக் கணக்கு டீச்சரின் துவைத்த துணியில் போய் உட்காரும், டீச்சர் எனக்குப் புகார் எழுதுவார், நான் ரம்பத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதுவேன், தபாலில் போட்டால் மரியாதையாக இருக்காது என்று நானே கொண்டுபோவேன், ரம்பம் கதவைத் திறந்து என்னை வாய்க்கு வந்தபடி திட்டுவார். "யோவ், உன் பேனாவுல மை தீரவே தீராதாய்யா?" என்று அவர் ஆரம்பித்தால் மூன்று மாடிக்குக் கேட்கும். ஜன்னல்கள் திறக்கும். நாற்பத்து மூன்று கடிதம், அத்தான்! அலுவலகத்தில் யார் கேட்டாலும், "ரம்பமா? அது சாரோட ஆளு" என்பார்கள். எனக்கென்று ஒரு பெயர் இருந்தது.

நான்கு மாதம் முன்பு எதிர்மேஜைக்கு ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. பிளாக்குகளைப் பிரித்தார்கள், மூன்றாவது பிளாக் அவளுக்குப் போயிற்று. இரண்டு கட்டாகக் கட்டியிருந்த ரம்பத்தின் ஃபைலை நானே தூக்கிக் கொடுத்து, "பாத்து இரும்மா, ஆளு ஒரு மாதிரி" என்றேன். ஒரே வாரத்தில் அழுதுகொண்டு வந்து நிற்பாள், பெரிய மனசு பண்ணித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு கணக்குப் போட்டிருந்தேன்.

அவள் அழவில்லை. மூன்றாம் நாள், "சார், அந்தப் பழைய சைக்கிள் ரூம் சாவி உங்க டிராயர்லயா இருக்கு?" என்று கேட்டாள். துடைப்பம் வைக்கப் போகிறாளாக்கும் என்று கொடுத்துவிட்டேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி, கீழ்த்தளத்தில் இருக்கும் அந்த அறையைத் துப்புரவு செய்து, காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரைதான் என்று எழுதி வாங்கிக்கொண்டு, ரம்பத்தின் பட்டறையை அங்கே இறக்கிவிட்டாள். அதோடு சத்தம் நின்றது. புகார் நின்றது. மேலதிகாரி அவளை எல்லோர் முன்னாலும் பாராட்டினார். நானும் கை தட்டினேன் அத்தான், உள்ளங்கை சிவக்கிற அளவுக்கு.

பொறுக்கவில்லை. என் பிளாக் இல்லை என்று தெரிந்தும், ஏதாவது குற்றம் அகப்படாதா என்று போன வியாழக்கிழமை அந்த அறைக்குப் போனேன். நல்ல வேளையாக டீச்சரும் அங்கேதான் இருந்தார்.

"என்ன டீச்சர், இப்ப கீழேருந்து சத்தம் வருதா? தாங்க முடியலன்னா ஒரு வரி எழுதிக் கொடுங்க. பேப்பர்கூடக் கொண்டு வந்திருக்கேன்."

"சத்தமா? நான் புத்தக அலமாரிக்கு அளவு சொல்ல வந்தேன் சார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க."

புகார் கொடுக்கிறவரும் என் கையைவிட்டுப் போய்விட்டார். அவர் படியேறும்வரை காத்திருந்து, ரம்பத்திடம் மனம் விட்டுக் கேட்டேவிட்டேன். "பதினோரு வருஷம் நடையா நடந்தேனே, எங்கிட்ட ஒருநாள் சிரிச்சிருப்பீங்களா? நேத்து வந்த பொண்ணு சொன்னா மட்டும் கேக்கறீங்க?"

அவர் இழைப்புளியைக் கீழே வைத்தார். "அந்தப் பொண்ணு ஒண்ணும் சொல்லலயே. விடியறதுக்கு முன்னாடியே ஏன் அறுக்கறீங்கன்னு கேட்டுச்சு. வீட்ல வேற ஆள் கிடையாது, முழிப்பு வந்துட்டா கையைச் சும்மா வெச்சுக்கிட்டு இருக்க முடியலன்னேன். அவ்வளவுதான்." பிறகு என் முகத்தைப் பார்த்து, "வேர்த்துப் போயிருக்கீங்களே, தண்ணி குடிக்கிறீங்களா சார்?" என்றார்.

சார்! என்னை அவர் சார் என்றது அதுதான் முதல் தடவை. தண்ணீரைக் குடிக்காமலே கிளம்பிவிட்டேன். திரும்பி வந்து நாற்பத்து மூன்று கடிதங்களின் நகலையும் வரிசையாகப் படித்தேன். குடியிருப்பில் சத்தம் கூடாது என்கிற பதினான்காவது விதி எல்லாவற்றிலும் இருக்கிறது. ஏன் என்ற ஒரு கேள்வி எதிலும் இல்லை. அது எனக்கும் உறைத்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். உறைத்ததால் எரிச்சல் இன்னும் கூடிற்றே தவிரக் குறையவில்லை.

ஆகவே, இயக்குநர் உங்களுக்கு வேண்டியவர்தானே, அவர் காதில் ஒரு வார்த்தை போட்டு இந்தப் பெண்ணை வேறு குடியிருப்புக்கு மாற்றச் சொல்லுங்கள். பதவி உயர்வு கொடுத்தே அனுப்பட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. தூரமாக இருந்தால் சரி.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகள் நூறாண்டு நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் அந்தப் பெண் கண் சிவக்க என் மேஜைக்கு வந்தாள். அவள் பொறுப்பில் இருக்கும் ஐந்தாவது பிளாக்குக்குப் புதிதாக ஒரு அம்மாள் குடிவந்திருக்கிறாராம், வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர், படிக்கட்டு முழுக்கப் பூந்தொட்டி. "நான் ஏன்னு ஒண்ணு கேட்டா அவங்க பத்து கேக்கறாங்க சார். உங்களால மட்டும்தான் முடியும், வாங்க" என்றாள். உடனே ஒரு எச்சரிக்கைக் கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மாள் என் கடிதத்தைச் சிவப்பு மையால் திருத்தி, "எந்தத் தற்குறிய்யா இதை எழுதினது?" என்று கேட்டு, என் மூக்கு இடிக்கிற மாதிரி கதவைச் சாத்தினார். என்ன குரல், அத்தான்! ஐந்து மாடிக்குக் கேட்டது. இயக்குநரிடம் தயவுசெய்து எதுவும் பேசவேண்டாம். அந்தப் பெண் தங்கமான பெண், இங்கேயே இருக்கட்டும். நாளை பத்து மணிக்கு நான் மறுபடியும் போகிறேன், தனியாக.