திகதியிட்ட வயர்களும் மூன்று தட்டுக் கேக்கும்

சி.ஆர். கொப்பி, பக்கம் 58: "வெள்ளி, 25/7, மாலை 5.20. பழைய சுவிட்சுகள் பதினேழும் கழற்றப்பட்டன. ஓட்டைகள் சிமெந்து பூசி மூடப்பட்டன. இனி இந்த வீட்டில் எவரும் சுவரைத் தொடத் தேவையில்லை. காற்று: கச்சான், பலம்."

எழுதியவன் நான்தான். மறுக்க வழியில்லை. கையெழுத்து என்னுடையது, கீழே திகதியும் இருக்கிறது.

துறைமுகத்தில் எழுதுவினைஞனாக இருக்கிறேன். எந்தக் கப்பல் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று பதிவதுதான் வேலை. இருபது வருடம் இதையே செய்தால் கை சும்மா இருக்காது. வீட்டுக்கு வந்தும் தடித்த அட்டைக் கொப்பி ஒன்றில் எழுதுவேன். அதை நாட்குறிப்பு என்று சொல்ல மாட்டேன். நாட்குறிப்பில் உணர்ச்சிகள் இருக்கும். என் கொப்பியில் காற்று, கறி, கப்பல், நடந்தது என்ன என்பவை மட்டும் இருக்கும். எழுதிவைத்த விஷயம் என் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பது என் நம்பிக்கை. இந்தக் கட்டுரை அந்த நம்பிக்கை சாய்ந்த கதை. (உண்மையாகவே சாய்ந்தது. எந்தத் திசையில் என்பதைப் பிறகு சொல்கிறேன்.)

உவர்மலையில் உள்ள எங்கள் வீட்டைத் தானாக இயங்கும் வீடாக மாற்ற வேண்டும் என்ற எண்ணம் வந்ததும், நான் வயரையோ ஆணியையோ தொடவில்லை. முதலில் நாற்பது நாள் பதிவு வைத்தேன். எந்த லைட்டை யார் அணைக்க மறந்தார், எந்த ஃபான் ஆளில்லாமல் சுற்றியது என்றெல்லாம் குறித்தேன். வீட்டில் இருப்பது நானும் மனைவி சுகந்தியும்தான். நாற்பதாவது நாள் கூட்டிப் பார்த்தபோது மறதியில் முதலிடம் எனக்கு, அதுவும் எட்ட முடியாத முதலிடம். அந்தக் கூட்டலை வேறு கொப்பிக்கு மாற்றிவிட்டு, "மனிதர்கள் மறப்பார்கள்" என்று பொதுவாக ஒரு வரி எழுதித் திட்டத்தைத் தொடங்கினேன்.

திட்டம் பெரியது. பின்னறையில் ஓர் இரும்புப் பெட்டி, அதற்குள் உள்ளங்கையளவு கணினி ஒன்று. வீட்டின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் முப்பத்தொரு வயர்கள் அங்கே வந்து சேரும். பாதி லைட், ஃபான் போன்றவற்றுக்கு. மீதி, ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும் சென்சர்களுக்கு. போனைத் தட்டினால் வீடு கேட்கும்; தட்டாவிட்டாலும் தானே யோசிக்கும். மென்பொருளுக்காக இருபத்திரண்டு விதிகள் எழுதினேன். விதி 11 எனக்கு மிகவும் பிடித்தது: "ஓர் அறையில் இருபது நிமிடம் அசைவு இல்லையென்றால் அந்த அறையில் எவரும் இல்லை. எல்லாவற்றையும் அணைக்கவும்."

கணினிக்குக் குளிர் தேவை என்று எங்கோ படித்திருந்ததால் பின்னறைக்கு ஓர் ஏசியும் பூட்டினேன். எங்கள் படுக்கையறைக்கே ஏசி கிடையாது. சுகந்தி ஒன்றும் சொல்லவில்லை. (ஒன்றும் சொல்லவில்லை என்பதையும் குறித்துவைத்தேன்.)

கடினமான இணைப்புகளைச் செய்து தந்தவர் நவாஸ். கிண்ணியாக்காரர், கரண்ட் வேலையில் கைதேர்ந்தவர். சுவிட்சுகளைக் கழற்றப் போகிறேன் என்றதும், ஒன்றிரண்டையாவது விட்டுவைக்கச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தார். சுவிட்ச் என்பது மனித மறதிக்குக் கட்டிய நினைவுச்சின்னம் என்று அவருக்குக் கால்மணி நேரம் விளக்கினேன். அவர் தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

வயர்களை இழுத்தது நான். எல்லாம் ஒரே சுருளிலிருந்து வெட்டியவை, எல்லாம் சிவப்பு. ஆகவே ஒவ்வொன்றின் நுனியிலும் துண்டு ஒட்டி எழுதினேன். இங்கேதான் என் பிறவிக்குணம் வேலை செய்தது. வேறு எவராக இருந்தாலும் "ஹோல் ஃபான்", "குசினி லைட்" என்று எழுதியிருப்பார்கள். நான் அந்த வயரை இழுத்த திகதியை எழுதினேன். 8/6. 14/6. 22/6. எந்த வயர் எதற்கு என்று தெரிய வேண்டுமானால், கொப்பியில் அந்தத் திகதியைப் பார்த்தால் போதும். அந்த நாளின் காற்று, கறி, கப்பல் எல்லாம் கூடவே கிடைக்கும். இதைவிடச் சிறந்த முறை இருக்க முடியாது என்று அப்போது நினைத்தேன்.

இப்போது கேக்குக்கு வருகிறேன்.

சுகந்தி மருந்துக்கடை வேலையை விட்டபிறகு கேக் செய்யப் பழகினாள். ஒரு வருடமாக அயலுக்கும் உறவுக்கும் சும்மா கொடுத்தாள். ஆவணி தொடங்கியதும் அவளுக்கு முதலாவது கலியாண ஓடர் வந்தது. திரியாய் ஊர்ப் பெண், டவுனில் மண்டபம், ஞாயிறு வரவேற்பு, மூன்று தட்டுப் பட்டர் ஐசிங் கேக். அன்று அவள் குசினிக் கதிரையில் இருந்தபடி சொன்னது:

"இது வடிவா வந்தால் நாலு பேர் கேப்பினம். வராட்டி இனி ஒருத்தரும் கேக்காயினம். எனக்கு உங்கட கம்பியூட்டர் அறை ஒரு நாளைக்கு வேணும்."

வெக்கையாக வீசும் கச்சான் காற்றுக்குப் பட்டர் ஐசிங் நிற்காது. அந்த உயரத்துக் கேக் ஃபிரிட்ஜுக்குள்ளும் போகாது. கணினியோடு அந்த அறையைப் பகிர்ந்துகொள்ளச் சம்மதித்தேன். பெருந்தன்மையாக உணர்ந்தது நினைவிருக்கிறது.

சனிக்கிழமை காலை அவள் அந்த அறையில் தட்டுகளை அடுக்கி, ஐசிங் பூசி, பத்து மணிக்கு வெளியே வந்தாள். குளிர் போகாமல் இருக்க, கதவில் ஓர் அறிவித்தல் ஒட்டினேன்: "திறக்க வேண்டாம்." அவளும் திறக்கவில்லை. குசினியில் இருந்து சீனிப் பூக்கள் செய்தாள். நான் ஹோலில் இருந்து கொப்பி எழுதினேன். அன்றைய பக்கத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறது: "10.20. வெளியே ஏசி இரைச்சல் ஓய்ந்தது. வீட்டில் நல்ல அமைதி."

கேக் அசையவில்லை என்பதுதான் அதற்குக் காரணம்.

ஒன்றே முக்காலுக்குப் பூக்களோடு சுகந்தி கதவைத் திறந்தாள். என்னைக் கூப்பிடவில்லை. அவள் அசையாமல் நின்ற விதத்தைப் பார்த்துத்தான் நான் எழுந்து போனேன். அறைக்குள்ளிருந்து போறணையைத் திறந்ததுபோல் வெக்கை வந்தது. கேக்கின் மேல்தட்டு தெற்கே, மூதூர்ப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஐசிங் வழிந்து பலகையில் குளமாக நின்றது.

போனை எடுத்து ஏசியைத் தட்டினேன். "இணைப்பு இல்லை" என்றது. இரும்புப் பெட்டியைத் தொட்டேன், சுட்டது. நடந்தது இதுதான்: பின்னறைச் சென்சரை முதல்நாள்தான் இணைத்திருந்தேன், அது அசைவைக் காணாததால் விதி 11இன்படி கணினி ஏசியை அணைத்தது, ஏசி போனதால் அறை சூடேறியது, மூடிய பெட்டிக்குள் இருந்த கணினி வெக்கை தாங்காமல் நின்றுபோனது. தன்னைக் குளிரவைத்த ஒன்றைத் தானே அணைத்துவிட்டுத் தானும் அணைந்தது. கழற்றி மாட்டிப் பார்த்தேன், எழும்பவில்லை. மெமரி கார்ட் போய்விட்டது. (பிரதி ஒன்று எடுத்துவைக்க வேண்டும் என்று இரண்டு இடத்தில் திகதியிட்டுக் குறித்திருந்தேன்.)

"ஏசியைப் போடுங்கோ," என்றாள் சுகந்தி.

போடுவதற்குச் சுவரில் சுவிட்ச் இல்லை. அவள் சுவரைப் பார்த்தாள், சிமெந்து பூசிய வட்டங்களைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் நவாஸுக்கு அழைத்தேன்.

அதிர்ஷ்டவசமாக இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் வேலையாக நின்றார். கால்மணி நேரத்தில் வந்து, பெட்டியைத் திறந்து, வயர்க் கற்றையைக் கையில் எடுத்துத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அண்ணன், இது வயரா, கலண்டரா?"

ஒவ்வொன்றாகக் கரண்ட் கொடுத்துப் பார்க்கலாமே என்றேன். பாதி வயர் சென்சருக்குப் போகுது, தப்பான வயரில் கொடுத்தால் சென்சரோடு சுவரும் கருகும் என்றார். கொப்பியைப் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் நான் ஸ்டூலில் ஏறி ஒரு கையில் டோர்ச்சும் மறு கையில் வயர்க் கற்றையுமாக நின்றேன். சுகந்தி விரலில் இருந்த ஐசிங்கைத் துடைத்துவிட்டுக் கொப்பியை எடுத்தாள். கலியாணமான பத்தொன்பது வருடத்தில் அவள் என் கொப்பியைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

"எட்டு, ஆறு," என்றார் நவாஸ்.

அவள் பக்கத்தைத் தேடி வாசித்தாள். "'கச்சான். சூடை மீன் குழம்பு. கப்பல் இல்லை. மாலையில் ஹோல் ஃபானுக்கு வயர்.' இதில்லை."

"பதினாலு, ஆறு."

"'காற்று பலம். சுகந்தி பட்டர் ஐசிங்கில் முதல் கேக். இனிப்புத் தூக்கல். உள்ளே காய்ந்திருந்தது. திறம் என்று சொன்னேன். பிறகு குளியலறை லைட்டுக்கு வயர்.'"

அவள் குரல் மாறவில்லை. மீன் குழம்பை வாசித்த அதே குரல்.

"குளியலறை லைட். அடுத்தது?"

நவாஸ் கம்பி வெட்டும் குறட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "இருவத்திரெண்டு, ஆறு."

"'கேக், இரண்டாவது. நடு வேகவில்லை. திறம் என்று சொன்னேன். வாசல் படலை சென்சருக்கு வயர்.' அடுத்தது?"

இப்படியே போனது. சில திகதிகளில் கப்பல்கள் வந்தன. அப்போது மூச்சு விட்டேன். சில திகதிகளில் கேக் வந்தது. நான் உண்மை தவறாத பதிவாளன். கேக் எப்படி இருந்தது என்பதை எழுதியிருந்தேன், அவளிடம் திறம், அதாவது மிக நன்று, என்று சொன்னதையும் எழுதியிருந்தேன். இரண்டும் ஒரே வரியில், பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எழுதும்போது அது எனக்கு விசித்திரமாகப் படவேயில்லை.

"அஞ்சு, ஏழு," என்றார் நவாஸ், மிகச் சின்னக் குரலில்.

"'கேக், நாலாவது. முந்தியதைவிடப் பரவாயில்லை. ஐசிங்கில் உப்பு. மிகவும் திறம் என்று சொன்னேன். பின்னறை ஏசிக்கு வயர்.'"

அவள் கொப்பியை மூடினாள். "இதுதான். குடுங்கோ."

ஏசி இரையத் தொடங்கியது. அவ்வளவு அவமானத்துக்குப் பிறகு அந்த இரைச்சல்கூட யாரோ தொண்டையைச் செருமியதுபோல இருந்தது. நவாஸ் தேநீர் வேண்டாமென்று சொல்லி வெளியே இறங்கினார். அவர் எங்கள் வீட்டில் தேநீர் மறுத்ததாக என் பதிவில் வேறு நாள் இல்லை. படலை வரை போனவர் திரும்பி வந்து, நாளைக்குப் பழைய சுவிட்சுகளைக் கொண்டுவரட்டுமா என்று என்னை விட்டுவிட்டுச் சுகந்தியிடம் கேட்டார்.

அறை குளிர்ந்ததும் அவள் சாய்ந்த தட்டை நிமிர்த்தினாள். கேக்குக்குப் பெரிய சேதமில்லை, போனது ஐசிங்தான். பலகையில் கிடந்ததில் ஒரு கரண்டி வழித்து என்னிடம் நீட்டினாள்.

"இப்ப சொல்லுங்கோ. கொப்பிக்குச் சொல்லுறமாதிரி."

நாளைக் காலை வரவேற்பு. முதல் ஓடர். ஏற்கெனவே நொந்திருக்கிறாள். "திறம்" என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் கண்ணை எடுக்காமல் நின்றாள்.

"உப்பு," என்றேன். "கேக் நல்லா இருக்கு. ஐசிங்தான் உப்பு."

அவளும் ஒரு கரண்டி வாயில் வைத்துப் பார்த்தாள்.

"ஓம். நான் செய்யேக்க திண்டு திண்டு எனக்கு நாக்குப் பழகிப்போச்சு. இதை நீங்கள் அஞ்சாந்திகதி சொல்லியிருந்தால் நான் அண்டைக்கே உப்பில்லாத பட்டருக்கு மாறியிருப்பன்."

அவள் மனம் நோகக் கூடாது என்றுதான் சொல்லவில்லை என்று பல நாள் எனக்கு நானே விளக்கிப் பார்த்தேன். முழு உண்மை அதுவல்ல. அவளிடம் உண்மையைச் சொன்னால் அதன்பிறகு ஒரு கதை இருக்கிறது, முகம் இருக்கிறது, அரை நாள் மௌனம் இருக்கிறது. கொப்பியிடம் சொன்னால் ஒன்றும் இல்லை. ஆகவே நல்ல சொல்லை அவளுக்கும் உண்மையைக் கொப்பிக்கும் என்று பங்கிட்டுவிட்டேன். அவளுக்குத் தேவையான எல்லாம் அந்த வீட்டில் இருந்தது. அவள் கைக்கு எட்டும் இடத்தில் மட்டும் இருக்கவில்லை. சுவிட்சுகளையும் அப்படித்தான் செய்திருந்தேன்.

உப்பில்லாத பட்டருக்காக டவுனில் நான்கு கடை ஏறி இறங்கினேன். நான்காவது கடையில் கிடைத்தது. அவள் பழைய ஐசிங்கை முழுக்கச் சுரண்டி எடுத்துப் புதிதாக அடித்தாள். அடித்து முடிக்கும்வரை மூன்று தடவை கரண்டி நீட்டினாள், மூன்று தடவையும் உண்மை சொன்னேன். இரண்டாவது உண்மை அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் இன்னும் கொஞ்சம் வனிலா விட்டாள். அவள் பூசி முடிக்கும்வரை நான் விதி 11ஐ நினைத்து அந்த அறையில் கையை ஆட்டிக்கொண்டே நின்றேன். (கணினி செத்துவிட்டது என்பது மறந்துபோயிருந்தது. அவள் நினைவூட்டவில்லை.)

ஞாயிறு காலை கேக் நிமிர்ந்தபடி மண்டபத்துக்குப் போனது. அடுத்த கிழமை இரண்டு பேர் ஓடர் கேட்டார்கள்.

நவாஸ் வந்து சிமெந்தை உடைத்துப் பதினேழு சுவிட்சுகளையும் திரும்பப் பூட்டினார். வட்டங்கள் இன்றும் சுவரில் தெரிகின்றன. பின்னறை இப்போது கேக் அறை. ஏசி சுவிட்சுக்கு மேல் சுகந்தியின் எழுத்தில் "ஏசி" என்று மட்டும் இருக்கிறது, திகதி இல்லை.

கதை நவாஸ் வழியாகக் கிண்ணியாவுக்கும், சுகந்தியின் தங்கை வழியாக மீதி உலகத்துக்கும் போய்விட்டது. உறவில் எங்கே சாப்பிட்டாலும் நான் "திறம்" என்று சொன்னால் போதும், கரண்டியைக் கையில் பிடித்தபடி மைத்துனி கேட்பாள்: "அத்தான், இது வாயாலயோ, கொப்பியிலயோ?" பந்தி முழுக்கச் சிரிக்கும். நானும் சிரிப்பேன். பிறகு உண்மையைச் சொல்வேன். வீட்டுக்கு வீடு என் வரவேற்பு இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது.

போன மாதம், புதிய கணினி ஒன்றோடு, சிறிய அளவில், குசினி ஃபானை மட்டும் தானாக இயங்கவைத்தேன். வயரின் நுனியில் "குசினி ஃபான்" என்று எழுதினேன். சுவிட்சும் சுவரில் அப்படியே இருக்கிறது. சுகந்தி வந்து நின்று, ஃபான் சுற்றுவதை அண்ணாந்து பார்த்தாள்.

"திறம்," என்றாள்.

பிறகு தன் ஓடர் கொப்பியை எடுத்து, பேனையைத் தேடிப் பிடித்து, ஒரு வரி எழுதி, மூடி, அலுமாரிக்குள் வைத்தாள். நேரம் மாலை 4.35. காற்று இல்லை. அவள் எழுதியது என்ன என்பது இன்னும் உறுதிப்படுத்தப்படவில்லை.