வாளிகளின் நியம விலகல்

கணிதம் படிப்பிக்கிறவனுக்குத் தன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்றொரு நினைப்பு இருக்கும். எனக்கும் இருந்தது, மாமியார் உட்பட ஒரு ஊரே சேர்ந்து என்னை ஏமாற்றும்வரை.

சுனாமி அடித்து ஒரு வருசம் கழிந்திருக்கும். சண்டை முடியவில்லை. கல்யாணமான புதிதில், எங்கள் பக்கத்து வழக்கப்படி மனைவி வீட்டில் இருந்தேன். வீடு எழுவான்கரையில், பள்ளிக்கூடம் வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில். ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு ஊர்ந்துபோகும் மிதவைப் படகான ‘பாதை’யில்தான் தினமும் வாவியைக் கடக்கவேண்டும். கெடுபிடி என்றால் பாதை ஓடாது, நான் அக்கரையிலேயே கிடப்பேன். மனைவி அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். “பிள்ளை பிறக்கக்குள்ள நீங்க இந்தப் பக்கம் இரிக்க வேணும்” என்பது மட்டும்தான் அவள் என்னிடம் கேட்டது.

அதற்கு ஒரு வழி வந்தது. கணித ஆசிரியர்களுக்குப் புள்ளிவிபரவியல் கற்பிப்பது பற்றி ஒரு செயலமர்வு. அதில் திறமாகச் செய்கிறவரைப் பணிப்பாளர் ஆசிரிய ஆலோசகராக எடுக்கப்போகிறார், வேலை பார்க்கும் கந்தோர் இக்கரையில்தான் என்று கதை அடிபட்டது. செலவு ஒரு வெளிநாட்டு நிறுவனத்தினுடையது. ஆளுக்கொரு சின்னம் பொறித்த பையும் வெள்ளைத் தொப்பியும் தந்தார்கள். (தொப்பிக்கு நாங்கள் பட்ட அடிபிடியை மாணவர்கள் பார்க்காதது நல்லது.)

கண்டியிலிருந்து வந்த விரிவுரையாளர் அம்மாதான் அதை நடத்திய வளவாளர். “பாடப்புத்தகத் தரவை விடுங்க. ஊருக்குள்ள போய் உண்மையான தரவு எடுத்து, நாளைக்கு அதை வச்சுப் படிப்பியுங்க. கடல் கொண்டுபோனதை மட்டும் யாரிட்டயும் கேட்கவேணாம். சொல்ற பதிலை அப்படியே எழுதுங்க, திருத்தக்கூடாது” என்றார்.

எனக்கு உடனே வாளி ஞாபகம் வந்தது. சுனாமிக்குப் பிறகு வந்த நிறுவனங்கள் எல்லாம் வாளி கொடுத்திருந்தன. எந்த வளவைப் பார்த்தாலும் நீலமும் சிவப்புமாய் வாளி. யார் மனமும் நோகாத கேள்வி, சலாகை வரைபும் ஏறி இறங்கி அழகாக வரும். ஆலோசகர் கதிரையில் பாதி உட்கார்ந்துவிட்டேன்.

வெயிலுக்குத் தொப்பியைப் போட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எங்கள் ஊரிலேயே வீடு வீடாகப் போனேன். அந்தக் காலத்தில் தொப்பியும் பையுமாக ஒருவர் வந்து “எத்தனை?” என்று கேட்டால், பின்னாலேயே சாமான் லொறி வரும். இது நிவாரண வரிசையில் நின்ற எனக்கே மறந்துபோனதுதான் அதிசயம்.

“அக்கா, உங்கட வீட்ட எத்தின வாளி இரிக்கி?”

“ஒண்டும் இல்ல சேர்.”

அந்த அக்கா உட்கார்ந்திருந்ததே கவிழ்த்த வாளியின்மேல்தான். அடுத்த வீட்டிலும் ஒண்டும் இல்ல. அதற்கடுத்த வீட்டில், கேள்வியை முடிக்கவே விடவில்லை. கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தேன். மாமி கிணற்றடியில் உடுப்புக் கழுவிக்கொண்டிருந்தார்.

“மாமி, நம்மட வீட்ட எத்தின வாளி?”

மாமி தொப்பியை ஒருதரம் பார்த்தார். கையிலிருந்த வாளியை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“நமக்கு ஆரு மனே தந்த?”

பதிலைத் திருத்தக்கூடாதே! பூச்சியம் என்று எழுதிக்கொண்டேன்.

மறுநாள் பணிப்பாளர் முன்வரிசையில் இருக்க, கரும்பலகையில் கணித்துக் காட்டினேன். இடை, அதாவது சராசரி, பூச்சியம். இடையம் பூச்சியம். அடிக்கடி வரும் எண்ணான ஆகாரமும் பூச்சியம், எண்களின் சிதறலைக் காட்டும் நியம விலகலும் பூச்சியம். வரைபில் ஒரேயொரு சலாகை பனைமரம் மாதிரித் தனியே நின்றது.

“தம்பி, இந்த ஊர்ல ஆரும் குளிக்கிறதே இல்லையா?” என்றார் பணிப்பாளர்.

அதற்குள் வாசலில் சத்தம். வாளி இங்கேதான் கொடுக்கிறார்கள் என்று ஊரே திரண்டு வந்திருந்தது. வரிசையின் முன்னால் மாமி! என் வியர்வையையும் பணிப்பாளரின் முகத்தையும் பார்த்தவருக்கு விசயம் பிடிபட்டுவிட்டது.

“ஐயா, என்ட மருமகன்ல பிழையில்ல. நான்தான் பொய் சொன்ன. என்ட வீட்ட ஆறு வாளி இரிக்கி.” சொல்லிவிட்டு வரிசையில் தனக்குப் பின்னால் நின்ற பக்கத்து வீட்டு அக்காவைக் காட்டினார். “இவட வீட்ட எட்டு!”

“எனக்கு எட்டெண்டா அவட வீட்ட? பத்துகா! எல்லாம் மூடியோட!”

அவ்வளவுதான். தன் வீட்டு வாளியை மறந்தவர்கள் எல்லோரும் பக்கத்து வீட்டு வாளியை நிறம் உட்பட ஒப்புவித்தார்கள். விரிவுரையாளர் அம்மா என் கையிலிருந்து சோக்கைப் பறித்து, கண்ணில் நீர் வரச் சிரித்துச் சிரித்து எழுதினார். அப்படியொரு நியம விலகலை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை.

பணிப்பாளர் சிரிக்கவில்லை. மாணவர்களின் உயரத்தை அளந்து வந்த ஒரு சேருக்கு ஆலோசகர் பதவி கிடைத்தது. மனைவியின் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாயிருந்தது.

பிள்ளை, பாதை ஓடாத ஒரு நாளாகப் பார்த்துப் பிறந்தது. அடுத்த நாள் விடிய முதல் பாதையில் கடந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மாமியின் மடியில் மகள். சந்தோசமும் குற்றவுணர்வும் சேர்ந்து குழப்ப, வாயில் வந்தது இதுதான்:

“மாமி, பிள்ளை எத்தின கிலோ?”

“நான் சொன்னா நம்புவீங்களா மனே? பக்கத்துக் கட்டில்ல கேளுங்க.”

மனைவிதான் முதலில் சிரித்தாள். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, நோகுது நோகுது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்த மகள் இப்போது பெரிய வகுப்பு. கணிதத்துக்கு எத்தனை புள்ளி என்று கேட்டால், ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு, “பக்கத்து மேசையில கேளுங்க அப்பா” என்பாள். ஒருதரம் உண்மையாகவே கேட்டுவிட்டேன். பக்கத்து மேசைப் பிள்ளை, மகள் சொல்லியிருந்த புள்ளியில் இருபதைக் குறைத்துச் சொன்னது.