சவுனாவும் செத்துப்போன இரண்டாவது கார்டும்

தண்டர் பே,
மாடி,
வியாழக்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை டாரியோ அவர்களுக்கு மாமனார் வெய்க்கோ வணக்கத்துடன் எழுதுவது. மாடியில் நானும் உங்கள் அத்தை ஐலாவும் சௌக்கியம். பேஸ்மென்டில் தாங்களும் என் மகள் கைசாவும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேற்றுத் தங்கள் தும்மல் படிக்கட்டு வழியாகக் கேட்டது. மிளகு தூக்கலாகப் போட்டு சூப் குடிக்கவும்.

ஒரே வீட்டுக்குள் கடிதமா என்று கேட்பீர்கள். வேறு என்ன செய்ய? நாம் இருவரும் பக்கத்தில் உட்காருவது சனிக்கிழமை சவுனாவின் நீராவிக் குளியலில் மட்டும்தான், அந்த வெந்நீராவிக்குள் சண்டை பேசக்கூடாது என்பது எங்கள் ஃபின்லாந்துக்காரர்கள் வீட்டுக் கட்டுப்பாடு. போன சனிக்கிழமை ஒரே பலகையில், உடம்பில் பொட்டுத் துணியில்லாமல், நீங்கள் அந்தச் சுவரையும் நான் இந்தச் சுவரையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, அப்போது தொண்டை வரை வந்ததையெல்லாம் விழுங்கிவிட்டேன். இந்த வயதில் அவ்வளவு விழுங்கினால் செரிக்காது. மாதக் கடைசியில் வேறு வீட்டுக்குப் போகப்போவதாகக் கைசா சொன்னாள். தாராளமாகப் போங்கள். நான் குறுக்கே நிற்கவில்லை. என் பக்கத்து நியாயத்தைக் கேட்டுவிட்டுப் போங்கள், அவ்வளவுதான்.

கம்ப்யூட்டரைச் சேர்ந்து வாங்கியபோது எவ்வளவு ஒற்றுமையாக இருந்தோம்! பெட்டியும் மதர்போர்டும் என்னுடையது, படங்களை வேகமாக உருவாக்கித் தரும் இரண்டு கிராஃபிக்ஸ் கார்டும் உங்களுடையது. பகலெல்லாம் நீங்கள் இன்னும் கட்டாத வீடுகளுக்குச் சமையலறைப் படம் போடுவீர்கள், சாயங்காலம் நான் காட்டுக் குடிலைச் சுற்றி மரங்களில் கட்டிவைத்த கேமராக்களில் விழுந்த மூஸ் மான் வீடியோக்களை வெட்டி ஒட்டுவேன். பனி உருகின வாரம் ஒரு காலையில் படியேறி வந்து, "மாமா, ரெண்டாவது கார்டைக் காணோம். கம்ப்யூட்டர் ஒண்ணைத்தான் காட்டுது. நீங்க உள்ளே எதையாவது தொட்டீங்களா?" என்று கேட்டீர்கள். "தொடலை" என்றேன். நான் பொய் சொல்கிற ஆளில்லை. நான் தொட்டது என் சொந்த டிஸ்க்கை. பழைய டிஸ்க்கில் ஒரு மூஸ் மான் ரோட்டைத் தாண்டி முடிப்பதற்குள் உங்கள் அத்தை ஒரு காலுறையே பின்னிவிடுகிறாள். அதனால் சூயிங்கம் பட்டை அளவில் ஒரு வேகமான டிஸ்க் வாங்கி, போர்டில் சும்மா கிடந்த இடத்தில் செருகி, அதன் தகட்டைத் திருகி மூடி, பழைய டிஸ்க்கின் பெயரையே அதற்கும் வைத்து, உள்ளே அப்பியிருந்த தூசியையும் துடைத்தேன். உங்கள் கார்டின் மேல் என் நகம்கூடப் படவில்லை. தூசி துடைத்ததற்கு நன்றி எதிர்பார்க்கிறவனும் இல்லை நான்.

அதற்கப்புறம் நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியாதா? இந்தக் கார்டை அங்கே மாற்றி, அந்தக் கார்டை இங்கே மாற்றி, முதல் இடத்தில் எந்தக் கார்டை வைத்தாலும் ஓடுகிறது, இரண்டாவது இடத்தில் வைத்தால் எதுவுமே ஓடவில்லை, போர்டில் அந்த இடமே போய்விட்டது என்று கடைக்காரர் சொல்ல, ஏன் போச்சு என்று நீங்கள் யோசித்து யோசித்து, கடைசியில் மெதுவாகத் திரும்பி எதைப் பார்த்தீர்கள்? என் சவுனாக் கதவைப் பார்த்தீர்கள்! "ஈரம் ஏறியிருக்கு மாமா. சுவருக்கு அந்தப் பக்கம் வாராவாரம் கல்லு மேல தண்ணி ஊத்தினா போர்டு என்ன ஆகும்?" என்று இரண்டு கையையும் விரித்தீர்கள். என்ன மாப்பிள்ளை இது, எங்க அப்பா இந்த ஊருக்கு வந்து வீடு கட்டுறதுக்கு முன்னாடி சவுனாவைக் கட்டினாரு, என்னைப் பெத்ததே அதுக்குள்ளேதான், அந்த ஆவி என்னையே கெடுக்கலை, உங்க போர்டைக் கெடுத்துடுமா? சரி, அதையும் பொறுத்துக்கிட்டேன். மறுநாள் கதவைச் சுத்தி பிளாஸ்டிக் தாளை ஒட்டினீங்க. சனிக்கிழமை அடுப்பைச் சூடேத்திட்டு, இடுப்புல துண்டோட நின்னு, கிழவன் நான் நகத்தால டேப்பைச் சுரண்டிக்கிட்டிருந்தேன். உங்க அத்தை உதவிக்கு வரலை, நாற்காலி போட்டு உட்கார்ந்து சிரிச்சா.

அதுவும் பத்தாதுன்னு ஈரத்தை உறிஞ்சுற மெஷின் ஒண்ணைக் கொண்டாந்து வெச்சீங்களே, அது பாட்டுக்கு உறிஞ்சட்டும், எனக்கென்னன்னு இருந்தேன். ஆனா அதுவும் சவுனா அடுப்பும் உங்க கம்ப்யூட்டரும் ஒரே நேரத்துல இழுக்க, ஃபியூஸ் போயி வீடே இருட்டாச்சு. ஒத்தைக் கார்டுல உருட்டி உருட்டி ரெண்டு நாளா ஓடிக்கிட்டிருந்த உங்க சமையலறைப் படமும் அதோட போச்சு. உங்ககிட்ட அந்தப் படத்தைக் கேட்டிருந்த வீடு கட்டுற ஆளு வேலையை வேற யாருக்கோ குடுத்துட்டான். அதுக்காக எனக்கு நெசமாவே வருத்தம், அதை அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்ல வாயெடுக்குறதுக்குள்ள நீங்க கத்துனீங்க: "இந்த வீட்ல ஒண்ணு நான் இருக்கணும், இல்லே அந்த அடுப்பு இருக்கணும்!" நான் துண்டோட நின்னுக்கிட்டு என்ன சொன்னேன்? "அடுப்பு உங்களுக்கு முன்னாடியே வந்தது"ன்னேன். அந்த ராத்திரியே கைசா கடைகடையா ஏறி அட்டைப்பெட்டி சேர்க்க ஆரம்பிச்சுட்டா. எனக்கு அலுத்துப்போச்சு மாப்பிள்ளை. ரயில்வே யார்டு வேலையில குளிர்காலமெல்லாம் வண்டிகளைத் தண்டவாளம் மாத்திவிட்டப்பகூட இப்படி அலுக்கலை.

ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். போர்டைக் கெடுத்தது நானுமல்ல, என் சவுனாவுமல்ல. கம்ப்யூட்டரை முழுசாக நீங்களே எடுத்துப் போகலாம், என் பங்கு எனக்கு வேண்டாம். இந்தக் கடிதத்தை முடித்தவுடன் கீழே வந்து என் டிஸ்க்கை மட்டும் கழற்றிக்கொள்கிறேன், நீங்கள் கைசாவோடு வீடு பார்க்கப் போயிருப்பதால் தொந்தரவு இராது. உங்கள் அம்மா கொடுத்தனுப்பிய தக்காளிச் சாஸ் பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், மறக்காமல் எடுத்துப் போகவும். அவருக்கு என் வணக்கம். போகிற இடத்தில் உங்கள் இரண்டு கார்டும் ஓடி, இரண்டு பேரும் குறைவில்லாமல் வாழ வேண்டும் என்று மனதார ஆசீர்வதிக்கிறேன்.

இங்ஙனம்,
வெய்க்கோ

பின்குறிப்பு: டிஸ்க்கைக் கழற்றினேன். வேறு எதையும் தொடவில்லை என்று உறுதிசெய்துகொள்ளக் கம்ப்யூட்டரை ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். மாப்பிள்ளை, ரெண்டு கார்டும் இருக்கு. டிஸ்க்கைத் திரும்ப வெச்சேன், ஒரு கார்டு காணாமப் போச்சு. எடுத்தேன், வந்துடுச்சு. "என்னங்க, கீழே எலி புடிக்கிறீங்களா?"ன்னு உங்க அத்தை மேலேயிருந்து கேக்குற வரைக்கும் வெச்சும் எடுத்தும் பார்த்தேன். ஒரே தண்டவாளத்தை ரெண்டு வண்டிக்கு விட்டிருக்கான் அந்த போர்டு செஞ்சவன். என் டிஸ்க் ஏறினா உங்க கார்டு வெளியே நிக்கணும். வாழ்க்கையெல்லாம் அதே வேலையைப் பார்த்தவன் நான், எனக்குத் தெரிஞ்சிருக்க வேண்டாமா? காலியா இருக்கேன்னுதான் வெச்சேன். அந்த வழி உங்களோடதுன்னு தெரியாது.

இந்தக் கடிதத்தைக் கிழிச்சுட்டு வேற எழுதலாம்னு பார்த்தேன். உங்க அத்தை புடுங்கிப் படிச்சுட்டுக் கிழிக்க விடமாட்டேங்குறா. "அப்படியே குடுங்க. உங்களை அவரு முழுசாப் பார்க்கட்டும்." "சனிக்கிழமை பார்க்குறது பத்தாதா?"ன்னேன். கவரை எடுத்தாந்து கையில திணிச்சுட்டா. அதனால மேலே எழுதினதுல மிளகு சூப்பை மட்டும் வெச்சுக்கிட்டு மத்ததையெல்லாம் விட்டுடுங்க. டிஸ்க்கு இனிமே என் சட்டைப்பையிலேயே கிடக்கும், பழைய டிஸ்க்கே எனக்குப் போதும், மூஸ் மானுக்கு ஒண்ணும் அவசரமில்லை. வேலை போனதுக்கு அந்த வீடு கட்டுற ஆளுகிட்ட நானே வந்து பேசுறேன். பாட்டிலையெல்லாம் திரும்ப அலமாரியில அடுக்கிட்டேன். போகாதீங்க.

நாளன்னைக்கு சனிக்கிழமை. அங்கே சண்டைதான் பேசக்கூடாது, மன்னிப்புக் கேக்கலாம், கேக்குறேன். அப்போ என் கண்ணு கலங்கின மாதிரி தெரிஞ்சா, தப்பு ஆவி மேலதான் மாப்பிள்ளை, நீங்க சொன்ன மாதிரியே.